ஈடியில் ‘ெள’ திருத்தப் போய் மீன் பட்டியலைக் கந்தலாக்கிவிட்டேன், மீட்க வழி உண்டா?

நெத்திலி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கடற்கரை ஊர்களில் கேட்டுக் கேட்டு அப்பா எழுதி வைத்த மீன் பெயர்கள், குறிப்புகளோடு 312 வரி. பழைய எழுத்துருவில் ஒருவர் தட்டச்சு செய்து கொடுத்தார், நான் அதை யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றியதில் ‘வௌவால்’ எல்லாம் ‘வெளவால்’ ஆகிவிட்டது. ஔகாரக் குறி ஓர் எழுத்தாக வராமல், ஒற்றைக்கொம்பு, வ, அப்புறம் தனியாக ஒரு ‘ள’ என்று உட்கார்ந்திருக்கிறது. படித்தால் வித்தியாசமே தெரியாது, தேடினால்தான் அகப்படாது.

மடிக்கணினி பழுது. ஊருக்குப் போகும் ரயிலில் கைபேசியிலிருந்து என் சின்ன சர்வருக்குள் நுழைந்தேன். கைபேசி விசைப்பலகையில் எஸ்கேப் விசை இல்லை, அதனால் விஐ எடிட்டருக்குள் போனால் வெளியே வரத் தெரியவில்லை. ஈடி இருந்தது (திரையில்லாமல், கட்டளை அடித்தே வரிகளைத் திருத்தும் பழைய எடிட்டர்), எப்போதோ படித்த ஞாபகத்தில் திறந்தேன். (கட்டளை எழுத்துகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். எஸ், பி, ஜி என்றால் அந்தந்த ஆங்கிலச் சிற்றெழுத்து.) அடித்தது இது:

,எஸ்/ெள/ௌ/ஜி
டபிள்யூ
க்யூ

அதாவது, கோப்பு முழுவதும் ‘ெள’ வரும் இடத்திலெல்லாம் ‘ௌ’ போடு, சேமி, வெளியே வா. வௌவால் சரியாகிவிட்டது. ஆனால் வெள்ளை எல்லாம் ‘வௌ்ளை’. கெளுத்தி ‘கௌுத்தி’. கெளிறு ‘கௌிறு’. எழுத்துக்கு எழுத்து புள்ளி வட்டம். யூனிகோடுக்கு மாற்றிய மூலக் கோப்பு பழுதான மடிக்கணினியில்தான் இருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

கடைசிபெஞ்ச்

தலைப்பில் ஈடி என்று பார்த்ததும் யார் வீட்டில் ரெய்டு என்று ஓடி வந்தேன் அக்கா. மீன் மேலேயே கை வைத்துவிட்டார்களா.

வரிக்குதிரை

க்யூ கொடுத்துவிட்டீர்கள், அதுதான் சிக்கல். ஈடியில் யூ என்று ஒரு எழுத்து அடித்தால் கடைசியாகச் செய்த மாற்றம் திரும்பிவிடும். டபிள்யூ கொடுத்துச் சேமித்த பிறகும்கூடத் திரும்பும், ஏனென்றால் மாற்றம் நினைவகத்தில் இன்னும் இருக்கிறது. மறுபடி டபிள்யூ கொடுத்தால் கோப்பும் பழையபடி ஆகும். வெளியே வந்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. இனிமேல் திறந்ததும் முதல் வேலையாக

டபிள்யூ மீன்.பழசு

என்று ஒரு நகல் எழுதிவிடுங்கள். மூலக் கோப்பின் பெயர் மாறாது, அடுத்து வெறும் டபிள்யூ கொடுத்தால் பழைய பெயரிலேயே சேமிக்கும். இப்போதைக்கு மடிக்கணினி வரும்வரை காத்திருப்பதுதான் வழி என்று நினைக்கிறேன்.

பழையபெட்டி

காத்திருக்க வேண்டாம். நெத்திலி, ஒன்று சொல்லுங்கள். ஈடியைத் திறந்ததும் ஒரு எண் வந்திருக்கும், டபிள்யூ கொடுத்ததும் இன்னொரு எண் வந்திருக்கும். திரையை மேலே தள்ளிப் பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

நெத்திலி

திறந்ததும் 21480. சேமித்ததும் 21324.

பழையபெட்டி

அந்த எண் கோப்பின் அளவு, பைட் கணக்கில். யூனிகோடைக் கோப்பில் எழுதி வைக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். க ஒரு குறியீடு, புள்ளி ஒரு குறியீடு, கால் கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு. ‘வணக்கம்’ என்று ஒரே வரி எழுதிச் சேமித்துப் பாருங்கள், 22 வரும். ஏழு குறியீட்டுக்கு 21, வரி முடிவுக்கு 1.

‘ெள’ என்பது கொம்பும் ள-வும், 6 பைட். ‘ௌ’ ஒரே குறியீடு, 3 பைட். ஒரு மாற்றத்துக்கு 3 குறையும். 21480-இல் 21324 போனால் 156, மூன்றால் வகுத்தால் 52. ஆக 52 இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அதில் எத்தனை சரி, எத்தனை தவறு என்பதுதான் கேள்வி.

இங்கே தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கிறது. ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ காலோ கொம்போ சுழியோ வரவே வராது. தமிழில் அப்படி ஓர் எழுத்தே கிடையாது. ‘வௌ்’ என்று எங்கே தெரிந்தாலும் அது நீங்கள் கெடுத்த இடம். திருடன் செருப்பை விட்டுவிட்டுப் போன மாதிரி, 52-க்குள் தவறான ஒவ்வொன்றும் அடையாளத்தோடு நிற்கிறது. அதனால் அடையாளத்தைப் பிடித்துப் பின்னுக்குத் திருப்பலாம்:

,எஸ்/ௌ்/ெள்/ஜி
,எஸ்/ௌி/ெளி/ஜி
,எஸ்/ௌு/ெளு/ஜி
,எஸ்/ௌை/ெளை/ஜி

காலுக்கும் மற்றச் சுழிகளுக்கும் இதே மாதிரி. ஏதாவது ஒன்றுக்குக் கேள்விக்குறி மட்டும் வந்தால் பயப்படாதீர்கள், அப்படி ஓர் இடம் கோப்பில் இல்லை என்று பொருள். ‘வௌவால்’ இதில் எதிலும் மாட்டாது, ஏனென்றால் அங்கே ௌ-வுக்கு அடுத்து முழு எழுத்து ‘வ’ வருகிறது.

ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் எஸ்-க்குப் பதிலாக ஜி போட்டு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்:

ஜி/ௌ்/என்

என் என்றால் வரி எண்ணோடு காட்டும். பார்த்த பிறகு மாற்றுங்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் வெள்ளை கண்ணில் பட்டிருக்கும்.

அச்சுக்கூடம்

முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவன் நான், கணினி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்த ‘ெள’ எங்கிருந்து வந்தது என்று தெரியும். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் ஔகாரக் குறிக்கென்று தனிச் சாவி கிடையாது. கொம்பு அடி, வ அடி, ள அடி. பார்வைக்கு ஒன்றுதான், பிறகென்ன என்று விட்டுவிட்டார்கள். அதே பழக்கம் கணினி எழுத்துருவுக்கும் வந்தது. கையெழுத்தில் வௌவால் எழுதினாலும் அந்தக் கடைசிப் பகுதி ள மாதிரியேதான் இருக்கும். மனிதன் படிக்கும்வரை குழப்பமில்லை.

இதன் இன்னொரு தங்கை உண்டு: ‘அவர்’ என்பதற்கு ‘அவா்’. ர் என்று இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும். இணையத்தில் செய்திகளிலேயே தினமும் பார்க்கிறேன், கண் உறுத்துகிறது.

வரிக்குதிரை

ஐயா, அதைத் திருத்துவது இதைவிடச் சுலபம். காலுக்கு மேல் புள்ளி எந்தத் தமிழ்ச் சொல்லிலும் வராது. அதனால்

,எஸ்/ா்/ர்/ஜி

என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். ‘ெள’வுக்கு அந்த வசதி இல்லை. தெளிவு, வெளி, வெள்ளம், எல்லாவற்றிலும் அது நியாயமாகவே வருகிறது. பழையபெட்டி ஐயா சொன்னதன் அடிப்படை இதுதான் என்று இப்போதுதான் உறைக்கிறது: கட்டளை அடிக்கும் முன், தேடும் துண்டு சரியான சொல்லிலும் வரக்கூடியதா என்று பார்க்க வேண்டும். காத்திருக்கச் சொன்ன என் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கடைசிபெஞ்ச்

எல்லாம் சரி. 2020-களில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இந்தக் கல்வெட்டு வேலை? ஊர் போய்ச் சேர்ந்ததும் யாருடைய கணினியிலாவது திறந்து, ஃபைண்ட் ரீப்ளேஸ் கொடுத்தால் முடிந்தது.

பழையபெட்டி

தம்பி, ஃபைண்ட் ரீப்ளேஸிலும் இதே துண்டைக் கொடுத்திருந்தால் இதே வௌ்ளைதான் வந்திருக்கும். குற்றம் கருவியில் இல்லை.

ஆனால் தமிழுக்கு ஈடி எனக்குப் பிடிப்பதற்கு வேறு காரணம் உண்டு. டெர்மினலில் முழுத்திரை எடிட்டர் எதுவாக இருந்தாலும், எழுத்து எத்தனை கட்டம் அகலம் என்று கணக்குப் போட்டுத்தான் கர்சரை நிறுத்தும். தமிழில் அந்தக் கணக்கு அடிக்கடி தவறும். கொம்பு பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் வரையப்படுகிறது, ‘ணை’ மூன்று கட்டம் விழுங்குகிறது, ‘கி’ ஒன்றரைக் கட்டம் கேட்கிறது. கர்சர் ஓரிடத்தில் நிற்கும், நீங்கள் அழிப்பது வேறிடத்தில் அழியும். வரியின் பாதி அடுத்த வரி மேல் ஏறி நிற்கும். ஈடி திரையில் எதையும் நிறுத்துவதே இல்லை. நீங்கள் கேட்டால் வரியை அச்சடிக்கும், கேட்காவிட்டால் சும்மா இருக்கும். தவறான சொல்லைச் சொல்லி, சரியான சொல்லைச் சொன்னால் மாற்றும். கர்சர் இல்லாததால் கர்சர் தவறவும் இல்லை.

ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது இன்னும் நல்லது. ஒரு வரி போகும், ஒரு வரி வரும். அவ்வளவுதான் போக்குவரத்து.

அது தற்செயலும் இல்லை. கென் தாம்சன் 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிடிபி-7 கணினியில் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு இதை எழுதியபோது முன்னால் இருந்தது திரை அல்ல, டெலிடைப். மாடல் 33 டெலிடைப் வினாடிக்கு 10 எழுத்து காகிதத்தில் தட்டும். 40 எழுத்தில் ஒரு பிழைச்செய்தி வந்தால் நான்கு வினாடி கட-கட-கட. ஒரே ஒரு கேள்விக்குறியோடு நிறுத்திக்கொண்டதன் அருமை அப்போது புரியும். விளக்கம் வேண்டுமானால் எச் அடியுங்கள், கடைசிப் பிழை என்ன என்று சொல்லும். பெரிய எச் அடித்தால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பிழைக்கும் தானாகவே சொல்லும்.

திண்ணைத்தூண்

ஈடிக்கும் ஒரு பாட்டி உண்டு. பெர்க்லியில் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் எஸ்டிஎஸ் 940 கணினிக்குச் செய்த க்யூஈடி. தாம்சன் அதை ஐபிஎம் 7094-க்கு மாற்றி எழுதியபோதுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் எழுதும் முறை, உள்ளே வந்தது. அதைப் பற்றி 1968-இல் ஒரு கட்டுரையும் எழுதினார். நீங்கள் அடித்த ஜி/ௌ்/என் இருக்கிறதே, அதில் என்-க்குப் பதில் பி போட்டு, நடுவில் ரெகுலர் எக்ஸ்பிரஷனைச் சுருக்கி ஆர்ஈ என்று எழுதினால் ஜி-ஆர்ஈ-பி. கோப்புகளில் தேடும் கருவிக்கு க்ரெப் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். கோப்பை எடிட்டரில் திறக்காமலே திருத்தும் செட் என்பதும் ஈடியின் பிள்ளைதான், லீ மக்மஹன் எழுதியது. எஸ் கட்டளையை அப்படியே எடுத்துக்கொண்டது.

எனக்கு முதலில் அறிமுகமானது ஈடி அல்ல, டாஸில் இருந்த எட்லின். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய்க் கற்றுக்கொண்டோம். டிம் பாட்டர்சன் 1980-இல் எழுதியது. நட்சத்திரக் குறி வந்து நிற்கும். வரி எண்ணை அடித்தால் அந்த வரி தெரியும், கீழே வெற்று வரி. எஃப்1 அழுத்த அழுத்தப் பழைய வரி எழுத்தெழுத்தாக இறங்கி வரும், எஃப்3 அழுத்தினால் மீதி முழுவதும் கொட்டும். தவறான இடம் வரும்வரை எஃப்1, அங்கே திருத்தம், பிறகு எஃப்3. விரலுக்கு ஒரு தாளம் வந்துவிடும். மாற்றுவதற்கு ஆர் கட்டளை, பழைய சொல்லுக்கும் புதிய சொல்லுக்கும் நடுவில் கன்ட்ரோல்-இசட். முன்னால் ஒரு கேள்விக்குறி சேர்த்தால் ஒவ்வொரு இடத்திலும் ‘ஓகே?’ என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றும். நெத்திலிக்கு அந்த வசதி இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை.

பழையபெட்டி

ஈடியிலும் இருக்கிறது, பெரிய ஜி. (இங்கே நிஜமாகவே பெரிய எழுத்து.)

பெரிய-ஜி/வெள/

அடித்தால் முதல் வரியைக் காட்டிவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கும். வெறும் என்டர் தட்டினால் அந்த வரியைத் தொடாமல் அடுத்ததற்குப் போகும். திருத்த வேண்டிய வரி வந்தால் எஸ் கட்டளையை அடியுங்கள். அதற்குப் பிறகு அதே திருத்தம் வேண்டிய வரி வரும்போதெல்லாம் & என்று ஒரு குறி போதும், போன கட்டளையை அங்கேயும் செய்யும். முந்நூறு வரிக் கோப்புக்கு இதைவிட வசதியானது எனக்குத் தெரிந்து இல்லை. எட்லின் ‘ஓகே?’ என்று கேட்கிறது, இது ‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்கிறது.

நெத்திலி

வேலை செய்தது!! ஜி போட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். ௌ் 17 இடம், ௌி 6, ௌு 18. ௌை கேட்டதற்குக் கேள்விக்குறி. மற்றச் சுழிகளுக்கும் கேள்விக்குறிதான். மொத்தம் 41. சேமித்தால் 21447 வருகிறது. 21324-உடன் 123 கூட்டினால் சரியாக வருகிறது. கணக்கு டீச்சர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

மீதி 11 இடம் ௌ-வாகவே இருக்கிறது. எல்லாம் வௌவாலும் பௌர்ணமியும்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு தொல்லை: தட்டும்போது தவறிப் பின்னழி விசை கொடுத்தால் புள்ளி மட்டும் போகிறது, இன்னொரு தடவை கொடுத்தால்தான் எழுத்து போகிறது. திரையில் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எது போனது, எது நிற்கிறது என்றே தெரியவில்லை.

வரிக்குதிரை

அந்தச் சமயத்தில் கன்ட்ரோல்-யூ கொடுத்து வரியையே மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து அடியுங்கள். பாதி அழித்த தமிழை நம்பவே கூடாது. எனக்கு ஒரு கட்டளையில் கண்ணுக்குத் தெரியாத புள்ளி ஒன்று தங்கி, அரை மணி நேரம் ‘ஏன் கிடைக்கவில்லை’ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பழையபெட்டி

‘என்று நினைக்கிறேன்’ வேண்டாம். ஜி/ௌ/என் அடித்துப் பதினொன்றையும் இங்கே போடுங்கள்.

நெத்திலி

போட்டேன். வௌவால் 7 வரி, பௌர்ணமி 2 வரி. மீதி இரண்டு:

88 கௌத்தி (மூக்கையூர்)
203 கௌத்தி முள் குத்தினால் கடுக்கும்

இது என்ன மீன்?

அச்சுக்கூடம்

அம்மா, அது கெளுத்திதான். பேச்சில் ‘கெளத்தி’ என்பார்கள், ளு-வின் உகரத்தை விழுங்கிவிட்டு. உங்கள் அப்பா ஊரார் சொன்னபடி எழுதியிருக்கிறார். அங்கே ள-வுக்கு எந்தச் சுழியும் இல்லை, அதனால் நீங்கள் மாற்றியபோது அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. கணினிக்கு இது ஒழுங்கான ஔகாரம்தான். மனிதக் கண் வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான்.

பழையபெட்டி

ஐயா சொன்னதுதான் சரி, நான் ‘ஒவ்வொன்றும் அடையாளத்தோடு’ என்று அளந்தது தவறு. இரண்டு வரிதான், எண்ணைச் சொல்லியே திருத்தலாம்:

88எஸ்/கௌ/கெள/பி
203எஸ்//கெள/பி

இரண்டாவதில் தேடும் இடம் காலியாக இருக்கிறது, கவனித்தீர்களா? காலியாக விட்டால் கடைசியாகத் தேடியதையே மறுபடி தேடும். கைபேசியில் தமிழ் அடிப்பவருக்கு இது வரப்பிரசாதம். கடைசியில் பி, மாற்றிய வரியைக் காட்டச் சொல்வது. அது இல்லாமல் நான் எஸ் அடிப்பதே இல்லை. ஈடி வாயே திறக்காது, நாம்தான் ‘காட்டு’ என்று சொல்ல வேண்டும்.

இரண்டையும் திருத்திச் சேமித்தால் 21453 வர வேண்டும்.

நெத்திலி

21453 வந்தது.

தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். ‘வெள்ளை வெளவால்’ என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் தனியாகத் திருத்த வேண்டுமானால் எப்படிச் செய்திருக்க வேண்டும்? ஜி இல்லாமல் எஸ் அடித்தால் முதலில் வருவதைத்தானே மாற்றும்? அப்படியானால் வெள்ளை கெட்டு, வெளவால் அப்படியே இருந்திருக்குமே.

வரிக்குதிரை

அருமையான வரி அது, பாடப்புத்தகத்தில் போடலாம். ஆமாம், எஸ் ஒரு வரியில் முதலில் அகப்படுவதை மட்டும் மாற்றும். ஜி போட்டால் அந்த வரியில் உள்ள எல்லாவற்றையும். இரண்டுக்கும் நடுவில் எண் உண்டு:

எஸ்/வெள/வௌ/2

இரண்டாவதாக வருவதை மட்டும் மாற்றும். வெள்ளை பிழைக்கும், வௌவால் திருந்தும். ஆனால் நான் இப்படிச் செய்ய மாட்டேன். தேடும் சொல்லைக் கொஞ்சம் நீட்டி எஸ்/வெளவா/வௌவா/ என்று அடித்துவிட்டால் எண்ணுகிற வேலை இல்லை. மூன்று எழுத்தைச் சேமிக்கப் போய்த்தானே இவ்வளவும்.

கடைசிபெஞ்ச்

சரி, ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் நூறு கோப்பு இருந்தால்? ஒவ்வொன்றாகத் திறந்து ஜி போட்டுப் பார்க்க முடியுமா? அதற்கு செட்தானே?

பழையபெட்டி

நூறு கோப்பென்றால் செட் வசதிதான். ஈடிக்கும் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி ஊட்டலாம். அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேரில் அடிக்கும்போது எஸ்-க்கு ஒன்றும் அகப்படாவிட்டால் கேள்விக்குறி வரும், நாம் அடுத்த வேலையைப் பார்ப்போம். கோப்பிலிருந்து ஊட்டும்போது அதே கேள்விக்குறி வந்தால் ஈடி அங்கேயே நின்று வெளியே போய்விடும், மீதிக் கட்டளை எதுவும் நடக்காது. கடைசியில் இருக்கும் டபிள்யூவும் நடக்காது. அதனால் எஸ்-ஐ ஜி-க்குள் வைத்து எழுதுவது வழக்கம்:

ஜி/ா்/எஸ்//ர்/ஜி

ஜி-க்கு ஒன்றும் அகப்படாவிட்டால் அது பிழை இல்லை, பேசாமல் அடுத்த வரிக்குப் போகும்.

டிஃப் என்ற கருவிக்கு மைனஸ்-ஈ கொடுத்தால் இரண்டு கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடி கட்டளைகளாகவே எழுதித் தரும். அந்தக் கட்டளைகள் கோப்பின் கடைசியிலிருந்து முதலுக்கு வரும். ஏன் தலைகீழ் என்று யோசித்துப் பாருங்கள். மேலே ஒரு வரியை அழித்தால் கீழே உள்ள எண் எல்லாம் மாறிவிடும், கீழே இருந்து வந்தால் மேலே உள்ள எண் மாறாது. கையால் வரி எண் சொல்லித் திருத்தும்போதும் நான் கீழிருந்துதான் வருவேன்.

நெத்திலி

இன்னொரு பிரச்சினை, இதோடு விட்டுவிடுகிறேன். 140-ஆம் வரியில் கொடுவா இருக்கிறது. கண்ணால் பார்க்கிறேன். ஆனால் /கொடுவா/ என்று தேடினால் கேள்விக்குறி. நான்கு தடவை கன்ட்ரோல்-யூ கொடுத்து அடித்துப் பார்த்துவிட்டேன்.

பழையபெட்டி

140எல் என்று அடித்து, வருவதை அப்படியே போடுங்கள். எல் என்றால் ஒளிவுமறைவு இல்லாமல் காட்டு என்று அர்த்தம்.

நெத்திலி

ஒரே எண்ணாக வருகிறது. தொடக்கம் மட்டும்:

\340\256\225\340\257\206\340\256\276

பழையபெட்டி

நினைத்தேன். முதல் மூன்று எண் க. அடுத்த மூன்று ஒற்றைக்கொம்பு. அதற்கடுத்த மூன்று துணைக்கால். நீங்கள் இப்போது அடிக்கும் ‘கொ’வில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடு, அது \340\257\212. யூனிகோடு இரண்டையும் சமம் என்று சொல்கிறது. ஆனால் ஈடி அந்தச் சமத்தைப் பார்க்காது, குறியீட்டுக்குக் குறியீடு ஒத்துப் பார்க்கும், அவ்வளவுதான். எழுத்துரு மாற்றும் கருவி பிரித்து எழுதியிருக்கிறது.

(‘ெள’ இதிலிருந்து வேறு. அங்கே இருப்பது நிஜமான ள என்ற மெய்க்குறியீடு. ஔகாரக் குறியின் பிற்பாதிக்கு யூனிகோடில் அதே உருவத்தில் தனிக் குறியீடு இருக்கிறது, ள அதற்குச் சமம் இல்லை. அதனால் தானாகச் சமப்படுத்தும் கருவி எதுவும் வெளவாலைத் திருத்தாது, கொடுவாவை மட்டும் திருத்தும்.)

140-ஆம் வரியிலிருந்து அந்தக் கொம்பையும் காலையும் வெட்டி, தேடும் இடத்தில் ஒட்டுங்கள். மாற்றும் இடத்தில் விசைப்பலகையில் அடியுங்கள்:

,எஸ்/ொ/ொ/ஜி

பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். ‘ொ’வை எடுத்துவிட்டு ‘ொ’வையே போடு என்று எழுதியிருக்கிறது. டபிள்யூ கொடுத்து எண் குறைகிறதா என்று பாருங்கள், அதுதான் சாட்சி. ‘ோ’வுக்கும் அப்படியே. இது கால்புள்ளி போட்டுக் கோப்பு முழுவதும் அடிக்கத் தகுந்த திருத்தம்தான், கொம்புக்குப் பின்னால் கால் வந்தால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

நெத்திலி

இரண்டும் செய்தேன். 21453 இருந்தது 21357 ஆனது. 32 இடம். திரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் /கொடுவா/ இப்போது கிடைக்கிறது. எனக்கே கொஞ்சம் மாயமாகத்தான் இருக்கிறது.

திண்ணைத்தூண்

கொடுவா கிடைத்ததா, சந்தோஷம். காரமாக வையுங்கள்.

நெத்திலி

வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, பழையபெட்டி ஐயாவுக்கும் அச்சுக்கூடம் ஐயாவுக்கும் தனியாக.

பட்டியலை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். கெளத்தி இரண்டையும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். வௌவால் வந்ததும் நின்றுவிட்டார். ‘இது யார் எழுதியது? கடற்கரையில் எவன் வௌவால் என்கிறான்? வவ்வால் என்றுதான் சொல்வான், நான் அப்படித்தான் எழுதினேன்’ என்றார். பழைய நோட்டை எடுத்து வந்து காட்டினார். ஏழு இடத்திலும் வவ்வால். தட்டச்சு செய்தவர் நல்ல தமிழாக்கிக் கொடுத்திருக்கிறார்.

ஜி/வௌவால்/என்

ஏழு வரி. பார்த்துவிட்டேன்.

ஜி/வௌவால்/எஸ்//வவ்வால்/ஜிஎன்
டபிள்யூ
21378

ஒன்றுக்கு 3 கூடினால் ஏழுக்கு 21, சரியாக இருக்கிறது. இன்னும் க்யூ கொடுக்கவில்லை. அப்பா இரண்டாம் பக்கத்தைத் திருப்புகிறார்.